கடைசி நாள் என்றால் எந்த நாள்?

புதிய நிறுவனம் ஒன்றில் வேலையைத் தொடங்கும்போது, முதல் வாரக் கூட்டத்தில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். அவருடைய கடைசி நாள் என்றால் எந்த நாள்?"

மேசையைச் சுற்றி மனிதவளத் துறையினர், சம்பளப் பிரிவினர், கணினிப் பிரிவினர் என்று மூன்று தரப்பும் உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி எளிதாகத் தோன்றுவதால் மூவரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். மனிதவளத் துறைக்கு அது அவர் கடைசியாக வேலைக்கு வரும் நாள். சம்பளப் பிரிவுக்கு அது எந்த நாள்வரை பணம் கணக்கிட வேண்டுமோ அந்த நாள். எடுக்காமல் விட்ட விடுப்பைச் சேர்த்தால் அது இரண்டு வாரம் தள்ளிக்கூடப் போகும். கணினிப் பிரிவுக்கு அது கணக்கை முடக்க வேண்டிய நாள். மூன்று பதில்களும் சரியானவை. ஆனால் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொரு மென்பொருளுக்குப் போகும் கோப்பில் 'முடிவுத் தேதி' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது.

மனிதவள மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது என் தொழில். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே குழாய் போடுவது என்று முன்பெல்லாம் சொல்லி வந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. குழாய் போடுவதற்கு என் நேரத்தில் கால்பங்குகூட ஆவதில்லை. மீதி நேரம் முழுவதும் ஒரே சொல்லை இரண்டு அலுவலகங்கள் எந்தெந்தப் பொருளில் புழங்குகின்றன என்று கேட்டு, எழுதி, திரும்பவும் கேட்பதில்தான் போகிறது.

அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்காக நான் அமைத்த இணைப்பு, வேலையை விடுபவர்களின் பட்டியலை ஒவ்வொரு இரவும் மனிதவள மென்பொருளிலிருந்து எடுத்து, கணினிக் கணக்குகளையும் வாசல் அட்டைகளையும் நிர்வகிக்கும் மென்பொருளுக்கு அனுப்பும். முதல் மென்பொருளில் அந்தத் தேதிக்கு 'இந்த நாள் முடியும்வரை பணியில் இருக்கிறார்' என்று பொருள். இரண்டாவதில் 'இந்த நாள் தொடங்கும்போதே பணியில் இல்லை' என்று பொருள். இரண்டிலும் கட்டத்தின் பெயர் ஒன்றே. தேதி எழுதும் முறையும் ஒன்றே. ஒன்றை இன்னொன்றோடு பொருத்தினேன். சோதனையில் தேதி எழுத்துப் பிசகாமல் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

பல ஆண்டுகள் அங்கே பணிபுரிந்த ஒரு பெண்மணி தம்முடைய கடைசி நாள் காலையில் வழக்கம்போல் வந்து வாசலில் அட்டையை வைத்தார். கதவு திறக்கவில்லை. மறுபடி வைத்தார். காவலர் தம் திரையைப் பார்த்துவிட்டு, அந்தப் பெயர் பட்டியலில் இல்லை என்றார். அலுவலக மின்னஞ்சலும் நள்ளிரவே மூடப்பட்டிருந்ததால் கைப்பேசியிலிருந்து தம் குழுவினருக்கு ஒரு செய்தி அனுப்பவும் அவரால் முடியவில்லை. அன்று மதியம் அவருக்குப் பிரிவுபசாரம் ஏற்பாடாகியிருந்தது. வரவேற்பறை நாற்காலியில் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். மேலாளர் இறங்கி வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "ஒரு நாள்கூடப் பொறுக்க முடியவில்லையா?"

நிறுவனம் தம்மை வேண்டுமென்றே வெளியேற்றியதாக அவர் நினைத்தார். வேறு எப்படி நினைக்க முடியும்? கதவுக்குப் பின்னால் இருந்த ஒரு தேதிக் கட்டத்தின் பொருள் அவருக்குத் தெரியப்போவதில்லை. நானோ அந்த நேரத்தில் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், முந்தைய இரவின் ஓட்டப் பதிவைத் திறந்து வைத்திருந்தேன். அனுப்பிய பதிவுகள் 6, ஏற்கப்பட்டவை 6, பிழை 0. பக்கத்தில் பச்சைக் குறி.

அன்றிலிருந்து பச்சைக் குறியை நான் நம்புவதில்லை. கோப்பு பாதியில் நின்றுவிட்டால் எனக்குப் பயமில்லை. அது கூச்சல் போடும், யாராவது ஓடி வருவார்கள், காலைக்குள் சரிசெய்துவிடலாம். எல்லாப் பதிவுகளும் போய்ச் சேர்ந்து, ஒரு சொல்லின் பொருள் மட்டும் வழியில் மாறிவிட்ட கோப்புதான் ஆபத்தானது. அதை முதலில் கண்டுபிடிப்பவர் எந்தப் பொறியாளரும் அல்ல. வாசலில் நிற்பவர்தான், அல்லது வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பவர்தான்.

ஒரு பெரிய நிறுவனத்தில் ஒரு மனிதர் எத்தனை இடங்களில் எழுதப்பட்டிருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆள்சேர்ப்பு மென்பொருளில் விண்ணப்பதாரராக, மையப் பதிவேட்டில் பணியாளராக, வருகைப் பதிவில் அட்டை எண்ணாக, சம்பள மென்பொருளில் வங்கிக் கணக்காக, காப்பீட்டு நிறுவனத்தில் பயனாளியாக, பயிற்சித் தளத்தில் மாணவராக. இவை ஒரே ஆண்டில் ஒரே கடையில் வாங்கியவை அல்ல. சம்பளம்தான் எல்லாவற்றிலும் மூத்தது. 1954இல் பிரிட்டனில் ஜே. லயன்ஸ் என்ற உணவு, தேநீர்க்கடை நிறுவனம், தானே கட்டிய லியோ கணினியில் தன் ஊழியர்களின் சம்பளத்தைக் கணக்கிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் யுனிவாக் கணினியில் அதே வேலையைத் தொடங்கியது. வணிக உலகம் கணினியிடம் முதன்முதலில் ஒப்படைத்த பொறுப்புகளில் ஒன்று, உரிய நாளில் மனிதர்களுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பது. இந்த வரலாற்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நாம் செய்வது நேற்று முளைத்த வேலையல்ல.

மற்ற மென்பொருள்கள் அதைச் சுற்றி ஒவ்வொன்றாக வந்தன. 1987இல் டேவ் டஃபீல்டும் கென் மோரிஸும் தொடங்கிய பீப்பிள்சாஃப்ட் என்ற மனிதவள மென்பொருள் நிறுவனம், நீண்ட போராட்டத்துக்குப் பின் 2005 தொடக்கத்தில் ஆரக்கிள் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தின் வசமானது. அதே ஆண்டு டஃபீல்டும் அனீல் பூஸ்ரியும் சேர்ந்து வொர்க்டே என்ற புதிய மனிதவள மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2012இல் எஸ்ஏபி நிறுவனம் சக்சஸ்ஃபேக்டர்ஸ் என்ற மனிதவள மென்பொருள் நிறுவனத்தையும் ஆரக்கிள் நிறுவனம் டேலியோ என்ற இன்னொன்றையும் தங்களுடையதாக்கிக்கொண்டன. ஆக, ஒரே சின்னத்தின் கீழ் விற்கப்படும் இரண்டு மென்பொருள்கள்கூடப் பல நேரங்களில் வெவ்வேறு கைகளில் வளர்ந்தவை. 'பணியாளர்' என்ற சொல்லை இரண்டும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டவை. வொர்க்டே தன் மூன்றாம் வயதிலேயே, 2008இல், கேப் கிளியர் என்ற இணைப்பு மென்பொருள் நிறுவனத்தை வாங்கியது. தனியாக நிற்கும் மனிதவள மென்பொருளால் பயனில்லை என்பதை அவ்வளவு சீக்கிரம் உணர்ந்திருந்தார்கள்.

எங்கள் வேலையின் மையத்தில் இருப்பது ஓர் அட்டவணை. மேப்பிங் என்போம். இடப்பக்கம் அனுப்பும் மென்பொருளின் புலங்கள், அதாவது தகவல் கட்டங்கள்; வலப்பக்கம் பெறும் மென்பொருளின் புலங்கள், நடுவில் எது எதுவாக மாற வேண்டும் என்ற விதி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைவிடச் சலிப்பான தாள் கிடையாது. எனக்கோ ஒரு நிறுவனம் தன் மனிதர்களை எப்படிப் பார்க்கிறது என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்லும் தாள் வேறில்லை. ஓர் இடத்தில் திருமண நிலைக்கு ஒன்பது வகைகள் இருக்கும், எதிர்ப்பக்கம் இரண்டுதான் இருக்கும். கணவனை இழந்தவர் எந்தப் பக்கம் போவார்? 'மணமாகாதவர்' என்று போட்டால் குடும்பக் காப்பீட்டில் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்? இதை நான் முடிவு செய்யக் கூடாது. முடிவு செய்ய வேண்டியவர் அந்த அறையில் இருக்கிறாரா என்று பார்ப்பதும், இல்லையென்றால் அவர் வரும்வரை அந்த வரியை, இன்னும் முடிவாகவில்லை என்பதற்கு அடையாளமாக, மஞ்சளாகவே விட்டுவைப்பதும்தான் என் வேலை. நேர நெருக்கடியில் அந்த மஞ்சளைத் தானாகவே பச்சையாக்கிவிட்டுப் போகும் ஆலோசகர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

பணியாளர் எண்ணுக்கு முன்னால் வரும் சுழியங்களைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். 004217 என்ற எண்ணை யாரோ ஒருவர் எக்செலில் திறந்து, ஒன்றும் செய்யாமல் சேமித்தாலே போதும்; அது 4217 ஆகிவிடும். அடுத்த மென்பொருளுக்கு அது முற்றிலும் வேறொரு ஆள், அல்லது ஆளே இல்லை. இதைச் சின்ன விஷயம் என்று சொல்பவர்களுக்கு மரபணு ஆய்வாளர்களின் கதையைச் சொல்வேன். மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியென்று நினைத்து மாற்றிக்கொண்டே இருந்தது. 2020இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. அறிவியல் உலகமே பணிந்துபோன இடத்தில் ஒரு சம்பளக் கோப்பு தப்பிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் வழியில் எந்த மனித கையும் கோப்பைத் திறக்காதபடி அமைப்பது என் முதல் விதிகளில் ஒன்று. தேதிக்கும் இதே கண்டிப்புதான். 03/04 என்பது மார்ச் 4ஆ ஏப்ரல் 3ஆ என்று ஊகிக்க வேண்டிய நிலையே வரக் கூடாது. ஆண்டு, மாதம், நாள் என்று எழுதும் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தர முறை 1988லிருந்து இருக்கிறது.

எழுத்துகளின் கதை இன்னும் வேதனையானது. ஒரு மென்பொருள், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் எழுத, இன்னொன்று பழைய முறையில் படித்தால், பெயரின் நடுவே கேள்விக்குறிகளும் பொருளற்ற குறிகளும் முளைக்கும். யுனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துருவை இறக்கித் தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு முறை சோதனைச் சம்பளச் சீட்டு ஒன்றில் ஒருவருடைய குடும்பப் பெயர் இப்படிச் சிதைந்து வந்தது. தொகை சரியாக இருக்கிறது, பெயரைப் பிறகு பார்க்கலாம் என்று திட்ட மேலாளர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சீட்டைக் காட்டித்தான் அவர் வீடு வாடகைக்கு எடுப்பார், கடன் கேட்பார். தொகையைப் போலவே பெயரும் அவருடையது.

இன்னொரு இரவு நினைவுக்கு வருகிறது. கோப்பின் முதல் நெடுவரிசை மட்டும் ஏற்கப்படவில்லை. தலைப்பு இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே கண்ணுக்குத் தெரிந்தது. கடைசியில் கோப்பை எழுத்தாகப் பார்க்காமல் பைட்டுகளாகப் பிரித்துப் பார்த்தபோது, முதல் எழுத்துக்கு முன்னால் மூன்று பைட்டுகள் ஒளிந்திருந்தன. கோப்பு எந்த முறையில் எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்வதற்காகச் சில மென்பொருள்கள் தொடக்கத்தில் இடும் அடையாளம் அது, திரையில் தெரியாது. பெறும் மென்பொருள் அதையும் தலைப்பின் பகுதியாக எடுத்துக்கொண்டிருந்தது. இதுபோன்ற தேடல் எனக்குப் பிடிக்கும். அதற்கு முடிவு உண்டு. மனிதர்களுக்கு நடுவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள்தான் கடினம்.

அதில் மிகக் கடினமானது காலம். மனிதவளத் தரவில் எந்த உண்மையும் தேதியில்லாமல் நிற்பதில்லை. எப்போது பதிவு செய்தார்கள் என்பது ஒரு தேதி. எப்போதிலிருந்து செல்லும் என்பது இன்னொரு தேதி. ஒருவருக்கு அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து ஊதிய உயர்வு என்று இந்த மாதம் 10ஆம் தேதி பதிவு செய்கிறார்கள் என்று வையுங்கள். இரவில் ஓடும் இணைப்பு, அன்று மாறியவற்றை மட்டும் எடுத்து அனுப்பும் வகை. இந்த மாற்றத்தை இன்றே அனுப்பலாமா? பெறும் சம்பள மென்பொருளுக்கு எதிர்காலத் தேதி புரியாவிட்டால் இந்த மாதமே உயர்ந்த சம்பளம் போய்விடும். சரி, 1ஆம் தேதிவரை பிடித்து வைக்கலாம். ஆனால் 1ஆம் தேதி யாரும் எதையும் பதிவு செய்யவில்லையே. 'இன்று மாறியவை' என்று தேடினால் அது அகப்படாது. அகப்படும்படி தனியாக ஒரு விதி எழுதுகிறோம். இதற்கிடையே 20ஆம் தேதி அந்த உயர்வை ரத்து செய்துவிடுகிறார்கள் என்றால்? முன்கூட்டியே அனுப்பியிருந்தால், மையப் பதிவேட்டிலிருந்து அந்த வரி மறைந்துவிடும், மறைந்ததை மாறியதாக எண்ணாத இணைப்பு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது, சம்பளப் பக்கத்தில் உயர்வு உயிரோடு இருக்கும். பல மாதங்கள் கழித்துக் கணக்குத் தணிக்கையில் தெரியவரும். அப்போது அந்தப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அந்த மனிதருக்குக் கடிதம் போகும். தவறு செய்தவர் யாரோ, கடிதம் வருவது அவருக்கு.

இதை நான் பாடமாகச் சொல்வதற்குக் காரணம், புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இணைக்கும் கருவிகளைத்தான். கருவிகளைக் கற்க ஆறு மாதம் போதும். ரத்தான ஓர் எதிர்கால மாற்றம் எங்கே போகும் என்று தாமாகவே கேட்கத் தொடங்குவதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

நான் அதிகம் கற்றுக்கொண்டது ஒரு சம்பளப் பிரிவு மூத்த அலுவலரிடம். நடுத்தர அளவுள்ள நிறுவனம். புதிய மையப் பதிவேட்டிலிருந்து அவருடைய சம்பள மென்பொருளுக்கு இணைப்பு அமைத்துக்கொண்டிருந்தோம். அவர் கூட்டங்களில் அதிகம் பேச மாட்டார். கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார். ஒவ்வொரு சம்பள ஓட்டத்துக்கும் அதில் ஒரு வரி: போன மாதத் தலைகள், சேர்ந்தவர், போனவர், இந்த மாதத் தலைகள். பென்சிலில் எழுதி, ஒத்துப்போனதும் பேனாவால் அதன் மேலேயே எழுதுவார். எல்லாமே கணினியில் இருக்கும்போது இது எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றியது.

முதல் மாத ஓட்டம் முடிந்த மாலை என் இருக்கைக்கு வந்தார். "உங்கள் கோப்பில் 412 பேர் என்கிறீர்கள். எனக்கு 411தான் வருகிறது."

நான் ஓட்டப் பதிவைத் திறந்து காட்டினேன். அனுப்பியது 412, ஏற்றது 412.

"ஏற்றது சரி. சம்பளம் போடப்பட்டது எத்தனை?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருவரும் உட்கார்ந்து வரிவரியாகத் தேடினோம். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு அந்த ஒருவர் கிடைத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுப் போய், அந்த மாதம் திரும்பி வந்து சேர்ந்தவர். மையப் பதிவேடு அவருக்குப் பழைய எண்ணையே திரும்பக் கொடுத்திருந்தது. 'புதிதாகச் சேர்ந்தவர்' என்று அந்த எண் சம்பள மென்பொருளுக்குப் போனபோது, அது ஏற்கெனவே இருக்கும் எண் என்று கண்டு, பதிவைப் பெற்றுக்கொண்டு, ஓர் எச்சரிக்கையை எங்கோ எழுதிவிட்டு, பழைய பதிவின் மூடிய நிலையை அப்படியே விட்டுவிட்டது. மூடிய பதிவுக்குச் சம்பளம் கிடையாது. வங்கிக்குக் கோப்பு போக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மூத்த அலுவலர் தம் கையாலேயே அந்தப் பதிவைத் திறந்து, தொகையைக் கணக்கிட்டு, இன்னொருவரிடம் சரிபார்க்கச் சொல்லிச் சேர்த்தார். பிறகு நோட்டில் 412ஐப் பேனாவால் எழுதினார்.

அன்று முதல் நான் அமைக்கும் ஒவ்வொரு கோப்பின் கடைசி வரியிலும் எண்ணிக்கையும் கூட்டுத் தொகையும் இருக்கும். பெறும் பக்கம் 'வாங்கிக்கொண்டேன்' என்று சொன்னால் போதாது. 'இத்தனை பேருக்கு இன்னது செய்தேன்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். கணினியில் கோப்புகளைத் தொகுதியாக ஓட்டத் தொடங்கிய காலத்து முறை இது. புதிய இணைப்பு முறைகளில் ஒவ்வொரு பதிவும் தனித்தனியே உடனுக்குடன் போவதால் இதைப் பலர் கைவிட்டுவிட்டார்கள். கைவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திரும்பி வருபவர்கள் மட்டுமல்ல. ஒப்பந்தத் தொழிலாளராக இருந்து நிரந்தரமானவர், ஒரு நாட்டுக் கிளையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர், ஒரே நேரத்தில் இரண்டு பொறுப்புகளில் பாதிப் பாதி வேலை செய்பவர், நீண்ட மகப்பேறு விடுப்பில் இருப்பவர், குடும்பப் பெயரே இல்லாத ஒற்றைப் பெயர்க்காரர். சோதனைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது இவர்களைத்தான் முதலில் தேடுகிறேன். சேர்ந்து, வேலைபார்த்து, சம்பளம் வாங்கும் நேர்க்கோட்டு மனிதர்களுக்கு எந்த இணைப்பும் வேலை செய்யும்.

புதிய மென்பொருளுக்கு மாறுவதற்கு முன், பழையதையும் புதியதையும் ஒரே மாதத்துக்கு ஓட்டி, ஆள் ஆளாக ஒப்பிடுவது வழக்கம். பேரலல் ரன் என்பார்கள். இரண்டு மாதமாவது செய்ய வேண்டும். மூன்று செய்தால் நல்லது. முதல் ஓட்டத்தில் நூற்றுக்கணக்கில் வேறுபாடுகள் வரும். பெரியவை எளிது, காரணம் உடனே தெரிந்துவிடும். சில்லறை வேறுபாடுகள்தான் சோதனை. ஒரு மென்பொருள் ஒவ்வொரு படித்தொகையையும் தனித்தனியே முழு எண்ணாக்கிக் கூட்டும். மற்றது கூட்டிய பிறகு முழு எண்ணாக்கும். அதனால் வரும் வித்தியாசம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தவுடன், விளங்காத எல்லாச் சில்லறையையும் அதே தலைப்பில் தள்ளிவிட மனம் வரும். தேதி நெருங்க நெருங்க அந்த ஆசை வலுக்கும். அந்தக் குவியலுக்குள்தான் உண்மையான தவறு ஒளிந்துகொள்கிறது.

இந்த ஒத்திகைகளைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சாட்சிகள் இருக்கின்றன. 2010 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறை புதிய சம்பள மென்பொருளுக்கு மாறியது. ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கும் மருத்துவமனை ஊழியர்களுக்கும் சம்பளம் குறைவாகவோ கூடுதலாகவோ போனது, சிலருக்குப் போகவே இல்லை. 2013இல் விசாரணை ஆணையம் அறிக்கை தந்தபோது, அந்தச் சம்பள மென்பொருளுக்கு ஆகும் மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. 2016 பிப்ரவரியில் கனடா மத்திய அரசு ஃபீனிக்ஸ் என்ற சம்பள அமைப்பைத் தொடங்கியது. அதற்கு முன்பே முன்னோட்டச் சோதனையை ரத்து செய்திருந்தார்கள். பின்தேதியிட்ட சம்பள மாற்றங்களைக் கையாள்வது போன்ற அவசியமான வசதிகளை அதன் தொடக்க வடிவிலிருந்து நீக்கியிருந்தார்கள். அனுபவமுள்ள சம்பள ஆலோசகர்களின் எண்ணிக்கையையும் அதற்குள் குறைத்திருந்தார்கள். 2018இல் அந்நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் அதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்றார். இந்த அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு மென்பொருள் கண்ணில் படுவதில்லை. நோட்டுப் புத்தகத்தோடு இருந்தவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எதை அனுப்புவது என்பதற்குக் கொடுக்கும் கவனத்தை எதை அனுப்பக் கூடாது என்பதற்கும் கொடுக்க வேண்டும். வெளி நிறுவனங்கள் தங்கள் வழக்கமான படிவத்தை நீட்டும். அதில் எழுபது புலங்கள் இருக்கும். பயிற்சித் தளம் ஒன்று பிறந்த தேதி கேட்டது. எதற்கு என்று கேட்டேன். ஒரே பெயரில் இருவர் இருந்தால் பிரித்தறிய என்றார்கள். பணியாளர் எண்ணே அதற்குப் போதும் என்று அந்த வரியை அடித்தேன். பாலினம், வீட்டு முகவரி, தேசிய அடையாள எண் என்று ஒவ்வொன்றாக அடித்து முடித்தபோது பதினொன்று மிஞ்சின. பயிற்சித் தளம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேவையான அளவுக்கு மேல் திரட்டக் கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, தம்மைப் பற்றிய விவரங்கள் எங்கெல்லாம் நகலெடுக்கப்படுகின்றன என்று பணியாளரிடம் யாரும் கேட்பதில்லை. அந்த அறையில் அவருக்காகப் பேச வேறு ஆள் இல்லாதபோது நான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். சோதனைக்கு உண்மையான சம்பளத் தரவைத் தந்தால் வாங்க மறுப்பதும் இதே காரணத்தால்தான்.

இப்போது புலங்களைத் தானாகவே பொருத்தித்தரும் கருவிகள் வந்துவிட்டன. இரண்டு பட்டியல்களையும் கொடுத்தால் நொடியில் இணை சேர்த்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நம்பிக்கை என்றும் எண் போட்டுக் காட்டுகின்றன. நேரம் மிச்சம், நானும் பயன்படுத்துகிறேன். அண்மையில் அப்படி ஒரு பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வந்தேன். 'முடிவுத் தேதி'யை 'முடிவுத் தேதி'யோடு பொருத்தி, மிக உயர்ந்த நம்பிக்கை எண்ணை அதற்குப் போட்டிருந்தது. அந்த வரியை மஞ்சளாக்கிவிட்டுக் கூட்டத்துக்குத் தேதி கேட்டேன்.

வேலை முடிந்தால் நாங்கள் கிளம்பிவிடுவோம். எங்கள் தொழிலின் இயல்பு அது. இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும், அமைத்தவர் வேறெங்கோ இருப்பார். அதனால் ஒப்படைப்பு ஆவணத்துக்கு நான் நேரம் ஒதுக்கிவிடுவேன், பணம் தருபவர்கள் முணுமுணுத்தாலும் சரி. எப்படி ஓடுகிறது என்பதைக் கருவியைத் திறந்தே பார்த்துக்கொள்ளலாம். ஏன் அப்படி முடிவு செய்தோம், யார் முடிவு செய்தார், அன்று என்ன தேதி என்பது எழுதி வைத்தால்தான் உண்டு. நோட்டுப் புத்தகக்காரரின் நிறுவனத்துக்கு நான் எழுதிக்கொடுத்த ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே கடைசி நாள் பற்றிய விதி இருந்தது: 'கடைசி நாள் என்பது அவர் வேலைபார்க்கும் இறுதி நாள். கணக்கும் வாசல் அட்டையும் அவர் பணிபுரியும் இடத்து நேரப்படி அந்த நாள் நள்ளிரவு வரை செல்லும்.' கீழே மூன்று துறையினரின் ஒப்புதல். வாசலில் நின்ற அந்தப் பெண்மணியை மனத்தில் வைத்து எழுதிய வரி அது. இனி யாருக்கும் அப்படி நேராது என்று நம்பினேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு மென்பொருளை இணைக்க அதே நிறுவனம் என்னை அழைத்தது. மூத்த அலுவலர் என் ஆவணத்தை அச்செடுத்து, துளையிட்டு, கோப்பில் கட்டி வைத்திருந்தார். புரட்டிக்கொண்டே அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தில், நான் எழுதிய விதிக்கு நேரே, ஓரத்தில் அவருடைய கையெழுத்து. 'நள்ளிரவு வரை' என்பதைப் பேனாவால் அடித்திருந்தார். அதற்குப் பக்கத்தில்: 'இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு மறுநாள் காலை பணி முடியும்வரை. 12 மணிக்கு மூடினால் பாதிப் பணியில் கதவு பூட்டிக்கொள்ளும்.'

யாருக்காவது அப்படி நடந்ததா என்று கேட்டேன்.

"இல்லை. போன ஆண்டு கிடங்கிலிருந்து ஒருவர் ஓய்வு பெற்றார். அவருடைய வருகைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. கணினிப் பிரிவிடம் சொல்லி அதற்கு முந்தைய வாரமே மாற்றிவிட்டோம்."

அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டேன். என் முதல் கூட்டக் கேள்வியோடு இப்போது இரண்டாவது கேள்வி ஒன்றும் சேர்ந்திருக்கிறது: "இங்கே இரவில் யார் வேலை செய்கிறார்கள்?"